தோலில் குடியிருக்கும் வைரஸ்

புற்றுநோய் தொற்றுமா என்ற கேள்விக்குப் பத்திரிகைகள் வழமையாக அளிக்கும் பதில் "தொற்றாது" என்ற ஒற்றைச் சொல்தான். ஆசிரியபீடத்தில் நான் பணியாற்றிய காலத்தில், ஞாயிறு இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஆண்டுக்கு நாலைந்தாவது இதைக் கேட்கும். அப்பகுதியை நடத்திய வைத்தியர் ஒரு வரியில் பதில் எழுதி அனுப்புவார். நாங்களும் ஒரு வரியில் அச்சிடுவோம். கேட்டவருக்கு ஆறுதல், எங்களுக்கு இடம் மிச்சம். அந்தப் பதில் பிழையானதன்று. ஆனால், அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட விஞ்ஞானச் சர்ச்சை கிடக்கிறது. தோல் புற்றுநோயைப் பொறுத்தவரை அச்சர்ச்சையின் முக்கியமான ஒரு முடிச்சு 2025 ஆம் ஆண்டில்தான் அவிழ்ந்தது.

முதலில் 2006 ஆம் ஆண்டுச் செய்தியொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இரவுப் பணியில் இருந்தபோது வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் வழியாக அது வந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், தோல் புற்றுநோய் கண்டவர்களின் குருதியையும் காணாதவர்களின் குருதியையும் மார்கரெட் கராகஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். தோலில் பெரும்பாலும் வரும் புற்றுநோய்கள் இரண்டு. மேற்றோலின் தட்டையான கலங்களில் உண்டாவது செதிற்கலப் புற்றுநோய். அதற்கு அடியிலுள்ள கலங்களில் உண்டாவது அடிக்கலப் புற்றுநோய். (இலங்கையில் நாம் கலம் என்று படித்ததைத் தமிழகத்து அன்பர்கள் செல் என்று வாசித்துக்கொள்க.) பப்பிலோமா என்னும் வைரஸ் இனத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள், செதிற்கலப் புற்றுநோய் கண்டவர்களின் குருதியில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. அடிக்கலப் புற்றுநோய் கண்டவர்களிடம் அத்தகைய வேறுபாடு இல்லை. செய்தி அவ்வளவே.

என்னுடன் இருந்த உதவி ஆசிரியர் அதற்குள் தலைப்பை எழுதிவிட்டார்: "தோல் புற்றுநோய் தொற்றக்கூடியது! அமெரிக்க ஆய்வில் அதிர்ச்சி." கூடுதலாக இருந்தது என்பதற்கும் தொற்றும் என்பதற்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது என்றேன். "தொடர்பு இருக்கலாம்" என்று போடும்படி சொன்னேன். அவர் சிரித்தார். "இருக்கலாம் எண்டு தலைப்புப் போட்டால் பேப்பரை ஆர் அண்ணை வாங்குவினம்?" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு தொழில் உண்மை இருக்கத்தான் செய்தது. ஈற்றில் "இருக்கலாம்" வென்றது. ஆனால், செய்தி உட்பக்கத்துக்குப் போய் எட்டு வரியாகச் சுருங்கியது.

பொலிஸ் செய்தி எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சம்பவ இடத்தில் நின்றவர் எல்லோரும் குற்றவாளிகள் அல்லர். குருதியில் பிறபொருளெதிரி இருப்பது, வைரஸ் அவ்விடத்துக்கு வந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அது செய்தது என்ன, சும்மா நின்றதா, கதவைத் திறந்துவிட்டதா, கத்தியை எடுத்துக் கொடுத்ததா என்பன வேறு கேள்விகள்.

இந்த வைரஸ்களில் நமக்குப் பழக்கமானவை மருவை உண்டாக்குபவை. பாலுண்ணி என்றும் உண்ணி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். எங்கள் ஆச்சி எருக்கலம் பால் வைப்பார். சிலர் சுண்ணாம்பு தடவுவர். குதிரை மயிரால் இறுக்கிக் கட்டி விழுத்துவோரும் உண்டு. தமிழகத்தில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்து கொட்டுவார்கள். இவையெல்லாம் பலிப்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். பலிப்பதற்குக் காரணம், பெரும்பாலான மருக்கள் எதுவும் செய்யாமலே சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ தாமாக மறைவதுதான். நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது உடலின் எதிர்ப்பாற்றல், ஒருநாள் விழித்துக்கொண்டு வைரஸைத் துரத்திவிடுகிறது. நேர்த்தி வைத்த மாதமும் அந்த மாதமும் ஒன்றாக அமைந்தால் பெருமை சுவாமிக்கு. எருக்கலம் பால் வைத்த மாதமானால் ஆச்சிக்கு. இந்தக் காவல்காரனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதி முழுவதும் அவனைப் பற்றியதே.

மரு வைரஸால் வருவது என்பதை 1907 இல் இத்தாலிய வைத்தியர் ஜியூசெப்பே சியூஃபோ காட்டினார். மருவை அரைத்து, பக்டீரியா புக முடியாத வடியில் வடித்தெடுத்த நீரைத் தம் தோலிலேயே செலுத்திக்கொண்டார், மரு முளைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1911 இல், நியூயோர்க்கில் பேட்டன் ரூஸ் கோழியின் புற்றுக்கட்டி ஒன்றை இதே விதமாக வடித்து வேறு கோழிகளுக்கு ஏற்றி, அவற்றிலும் கட்டி வரச் செய்தார். விஞ்ஞான உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழிக்கு வருவது மனிதனுக்கு வருமா என்ற ஏளனம். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966 இல். அப்போது அவருக்கு வயது 87.

அந்த இடைக்காலத்தில் தோல் பற்றிய உண்மையான துப்பு முயலிடமிருந்து வந்தது. அமெரிக்கக் காட்டுமுயல்களில் சிலவற்றுக்குத் தலையில் கொம்பு முளைத்திருப்பதை வேட்டைக்காரர்கள் கண்டு வந்தார்கள். அது கொம்பு அன்று, காய்ந்து நீண்ட மரு என்பதையும், அதற்குக் காரணம் ஒரு பப்பிலோமா வைரஸ் என்பதையும் 1933 இல் ரிச்சர்ட் ஷோப் நிறுவினார். அவர் அப்பொருளை ரூஸிடம் ஒப்படைத்தார். அந்த மரு சில முயல்களில் நாளடைவில் புற்றாக மாறுவதை ரூஸ் கண்டார். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் கண்டார்: முயலின் தோலில் முன்கூட்டியே தார் பூசிவிட்டு வைரஸை ஏற்றினால் புற்று விரைந்து வந்தது. வைரஸ் மட்டும் தனியே வேலை செய்வதில்லை, அதற்கு ஒரு கூட்டாளி உண்டு என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. மனிதத் தோலுக்கு அந்தக் கூட்டாளி தார் அன்று, வெயில்.

மனிதரில் இதற்கான முதற்சான்று மிக அரிதான ஒரு பரம்பரை நோயில் கிடைத்தது. சுவிற்சர்லாந்தின் பாஸல் நகரத்துத் தோல் வைத்தியர்களான பீலிக்ஸ் லெவண்டோவ்ஸ்கி, வில்ஹெல்ம் லுட்ஸ் இருவரும் விவரித்த அந்நோய் 1922 இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. சிறுபிராயத்திலேயே தேமல் போன்ற படைகளும் தட்டையான மருக்களும் உடலெங்கும் பரவும். எந்த மருந்துக்கும் போகா. முப்பது வயதையொட்டி, சிலருக்கு அதற்கும் முன்பே, நெற்றியிலும் புறங்கையிலும் செதிற்கலப் புற்றுநோய் வந்துவிடும். ஏனையோருக்கு அறுபது எழுபது வயதில் வருகின்ற நோய் இவர்களுக்கு அத்தனை வயதுக்கு முன்னால் வருவானேன்?

வார்சோவில் பணியாற்றிய போலந்துத் தோல் வைத்தியர் ஸ்டெபானியா யப்லோன்ஸ்கா இக்கேள்வியை விடாப்பிடியாகத் துரத்தினார். வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும் விதத்தை அறிய இந்நோயே தக்க மாதிரி என்று 1972 இல் எழுதினார். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்து ஜெரார் ஓர்த் அவருடன் சேர்ந்தார். இரும்புத்திரைக்கு இருபுறமும் இருந்த இருவரும் சேர்ந்து செய்த ஆய்வுகளில், இந்நோயாளரின் புற்றுக்கட்டிகளில் ஒரு தனிவகைப் பப்பிலோமா வைரஸ் இருப்பது தெரியவந்தது; அதற்கு 5 என்ற இலக்கம் இடப்பட்டது. பிறகு 8 ஆம் இலக்கமும் சேர்ந்தது. மரு உடலெங்கும் இருக்க, புற்று மட்டும் வெயில்படும் இடத்திலேயே வந்தது. இதே நோயுள்ள ஆபிரிக்கக் கருநிறத்தவரிடம் அது புற்றாக மாறுவது அரிது என்றே பதிவாகியுள்ளது. ரூஸின் தார் இங்கே சூரியனாக நிற்கிறது. நோய்க்குக் காரணமான இரு பரம்பரையலகுகள் 2002 இல் ஓர்த்தின் குழுவினராலேயே அடையாளம் காணப்பட்டன.

அபூர்வ நோயாளர் சிலருக்கு வருவது இருக்கட்டும், நமக்கென்ன என்று கேட்கலாம். சிக்கல் தொடங்குவதே இங்கேதான். அந்த 5, 8 இலக்க வைரஸ்களின் உறவினர்கள், பீட்டா வகை என்று அழைக்கப்படுபவை, ஏறத்தாழ எல்லோருடைய தோலிலும் வாழ்கின்றன. புருவத்து மயிர் ஒன்றைப் பிடுங்கிச் சோதித்தாலே போதும். பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களிலேயே தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து சேர்ந்துவிடுகின்றன. மருக்கூட உண்டாக்காமல் மயிர்க்கால்களில் அமைதியாகக் குடியிருக்கின்றன. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைச் சிலருக்கு வரும் நோயின் காரணம் என்று எப்படிக் குற்றஞ்சாட்டுவது?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் விஞ்ஞானச் செய்தியாக இல்லாமற் போனது ரொறன்ரோவில். எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்த நண்பர் ஒருவர் தொண்ணூறுகளில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தார். அங்கே அவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 2014 இல் ஸ்காபரோவில் அவர் வீட்டில் தங்கினேன். விரல்களெல்லாம் மரு. கணைக்காலில் செந்நிறத் தடிப்பு ஒன்றை வெட்டியெடுத்துச் சோதித்ததில், மேற்றோலுக்குள் மட்டும் அடங்கி நிற்கும் ஆரம்ப நிலைச் செதிற்கலப் புற்று என்று வந்திருந்தது. பொஸ்டன் வைத்தியர் ஜோன் போவன் 1912 இல் விவரித்தமையால் போவன் நோய் என்று பெயர். அந்நிலையில் அகற்றினால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால், வைத்தியசாலையில் யாரோ வைரஸ் என்ற சொல்லையும் உச்சரித்திருக்கிறார்கள். உள்ளூர் இலவசத் தமிழ்ப் பத்திரிகையொன்றில் "தோல் புற்றுநோய் வைரஸால் பரவுகிறது" என்று வந்த துணுக்கு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் அன்றிரவு தோற்ற தலைப்பு வேறோர் ஊரில் வென்றிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

நண்பருக்குத் தனித் துவாய், தனிச் சவர்க்காரம், தனிக் கோப்பை. நாலு மாதப் பேரன் அவருடைய மடிக்கு வருவதில்லை. "கிட்னி தந்து உயிர் தந்தாங்கள், அதுக்கு நன்றி ஐசே. ஆனா பேரனைத் தூக்க மருமகள் விடுறா இல்லை" என்றார். மருமகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தையை வைத்திருக்கும் ஒரு தாய் அச்செழுத்தை நம்பினாள். அச்செழுத்தை நம்பும்படி மக்களைப் பழக்கியவர்கள் எங்கள் தொழிற்காரர்கள்தாம்.

அந்த வாரம் நண்பரின் தோல் வைத்தியரைப் பார்க்க மூவரும் போனோம். காரை ஓட்டியவர் மருமகள், நான் மொழிபெயர்ப்பாளன். கேள்வியை அவரே நேரடியாகக் கேட்டார். வைத்தியர் பொறுமையானவர். விரலிலுள்ள மரு தொற்றும் என்றார். ஆகவே துவாயை வேறாக வைத்திருப்பதில் தவறில்லை. புற்று தொற்றாது. மாமனாரின் புற்றுக்கலம் பேரனின் தோலில் வேர்விடாது. அவனுடைய நிர்ப்பீடனம் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு அழித்துவிடும். தோலில் குடியிருக்கும் மற்ற வைரஸ்கள் உங்களிடமும் இருக்கின்றன, உங்கள் மகனுக்கும் உங்களிடமிருந்தே வந்திருக்கும் என்றும் சொன்னார். இதைக் கேட்டு மருமகள் சற்று நேரம் பேசாதிருந்தார். திரும்பும் வழியில், "மாமா, துவாய் மட்டும் வேறயா இருக்கட்டும், என்ன?" என்றார். "இருக்கட்டும் பிள்ளை" என்றார் நண்பர். அன்று மாலை பேரன் மடிக்கு வந்தான்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் தோல் புற்றுநோய் பெருகுவது வைத்திய உலகில் நெடுநாளாக அறியப்பட்டது. வேற்றுடலின் உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க, காவல்காரனை மருந்து கொடுத்து மயக்கத்தில் வைத்திருக்க வேண்டும். சிறுநீரகம், இருதயம் பெற்றவர்களை ஆராய்ந்த நோர்வே ஆய்வொன்று 1999 இல், அவர்களுக்குச் செதிற்கலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட 65 மடங்கு என்று கணக்கிட்டது. சாதாரணமாக வெள்ளையரிடையே அடிக்கலப் புற்று மிகுதி, செதிற்கலப் புற்று குறைவு. உறுப்பு மாற்றப்பட்டவர்களிடம் இந்த விகிதம் தலைகீழாகிறது. கராகஸ் குழுவினர் 2010 இல் மீண்டும் எழுதியபோது, பல பீட்டா வகைகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும், நீண்டகாலம் ஸ்டெரொயிட் மருந்து எடுத்தவர்களிடம் அத்தொடர்பு வலுத்துத் தெரிகிறது என்றும் காட்டினார்கள். ஆகவே வைரஸ்தான் குற்றவாளி என்று ஒரு தரப்பார் முடிவு கட்டினர்.

மறுதரப்பார் கேட்ட கேள்வியும் கூர்மையானது. ஹரால்ட் சூர் ஹவுசன் 1983 இல் கருப்பைக் கழுத்துப் புற்றில் 16 ஆம் இலக்கப் பப்பிலோமா வைரஸைக் கண்டறிந்தார். அதற்காக 2008 இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் புற்றில் வைரஸின் பரம்பரையலகு கலந்தோறும் அகப்படுகிறது. தோல் புற்றிலோ, நூறு கலங்களைப் பார்த்தால் ஒன்றில்கூட அகப்படுவது கடினம். இன்னொரு புதிர்: புற்றாக முற்றிய கட்டியைவிட, அதற்கு முந்திய நிலையான வெயிற்சொரசொரப்பில் வைரஸ் அதிகமாக இருந்தது. நோய் முற்ற முற்றக் குறையும் குற்றவாளி உண்டா?

உண்டு என்றனர் முதல் தரப்பார். இடித்துவிட்டு ஓடிவிடும் வாகனம்போல, ஆரம்ப நிலையில் மட்டும் வேலையை முடித்துவிட்டு வைரஸ் மறைந்துவிடுகிறது என்பது அவர்களது வாதம். வெயிலின் கழியூதாக் கதிரால் சேதமடைந்த கலம் ஒன்றில் தன்னைப் பழுதுபார்க்க வேண்டும், அல்லது தன்னை மாய்த்துக்கொள்ள வேண்டும். பீட்டா வைரஸின் புரதங்கள் இவ்விரண்டையும் தடுக்கக்கூடியன. பழுதுடன் உயிர்வாழும் கலம் மேலும் பழுதுகளைச் சேர்க்கிறது. போதுமான அளவு சேர்ந்தபின் வைரஸ் தேவையில்லை. பிரான்சின் லியோன் நகரிலிருந்து மாசிமோ தொமசீனோவின் குழுவினர் 2018 இல் இதை எலியில் செய்து காட்டினார்கள். 38 ஆம் இலக்க வைரஸின் பரம்பரையலகுகளைத் தாங்கிய எலிகளுக்குக் கழியூதாக் கதிர் பாய்ச்சியபோது புற்று வந்தது. புற்று வந்தபின் அந்த அலகுகளை நீக்கியபோதும் புற்று நிற்கவில்லை. சந்தேகநபர் ஊரைவிட்டுப் போன பின்னரும் தீ எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டே கதை திரும்பியது. பொஸ்டனில் ஷாட்மேர் டெமேரியின் குழு 2019 இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் பப்பிலோமா வைரஸுக்கு எதிராக நிர்ப்பீடனம் பெற்றிருந்த எலிகளுக்குத் தோல் புற்று குறைவாகவே வந்தது. (எலிக்குரிய அந்த வைரஸைக் கண்டறிந்தவர்கள் இந்திய ஆய்வாளர்கள். நவி மும்பையில் வளர்க்கப்பட்ட, நிர்ப்பீடனம் குன்றிய மயிரற்ற எலிகளில் அதை அவர்கள் கண்டதாக 2011 இல் வெளியிட்டார்கள். அதன் பின்னரே உலகெங்கும் இவ்வாய்வுகள் சாத்தியமாயின.) வெயிலால் கெட்டு, வைரஸும் பெருகிய கலத்தை, வைரஸின் அடையாளத்தைப் பார்த்துக் காவல்காரன் பிடித்து அழித்துவிடுகிறான் என்பது அவர்களின் விளக்கம். அப்படியானால் குடியிருந்த வைரஸ் குற்றவாளி அன்று, காவல்காரனுக்குத் துப்புக் கொடுப்பவன். உறுப்பு மாற்றப்பட்டவர்களுக்கு நேர்வது வைரஸின் கொடுமையன்று, காவல் இழப்பு. இருபது வருடங்களாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனைச் சாட்சிக் கூண்டுக்கு மாற்றிய இந்த ஆய்வை வாசித்தபோது, 2006 ஆம் ஆண்டுத் தலைப்புச் சண்டையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால், அதுவும் கடைசி வார்த்தையன்று. 2025 ஜூலை இறுதியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்து ஆய்வாளர்கள் 34 வயதுப் பெண் ஒருவரின் வரலாற்றை வெளியிட்டார்கள். நெற்றியில் செதிற்கலப் புற்று. சத்திரசிகிச்சை செய்தும், நிர்ப்பீடனத்தைத் தூண்டும் மருந்து கொடுத்தும், திரும்பத் திரும்ப முளைத்தது. பிறவியிலேயே வெயிலைத் தாங்காத கலங்கள் என்று முதலில் கருதினார்கள். சோதித்தபோது, கழியூதாக் கதிரின் சேதத்தைப் பழுதுபார்க்கும் திறன் அவரது கலங்களில் நன்றாகவே இருந்தது. பழுது அவருடைய நிர்ப்பீடனத்தில். டீ கலங்கள் எனப்படும் காவல்காரரை எழுப்பும் பரம்பரையலகு ஒன்று பிறவியிலேயே குறைபாடுடையது. கட்டிக்குள் பார்த்தபோது 19 ஆம் இலக்கப் பீட்டா வைரஸ் புற்றுக்கலத்தின் பரம்பரைப் பொருளுக்குள்ளேயே புகுந்து அமர்ந்து, தன் புரதங்களைச் செய்துகொண்டிருந்தது. ஓடிப் போகவில்லை, கையும் களவுமாக அகப்பட்டது. பீட்டா வகை இவ்வாறு நின்று புற்றைத் தாங்கி வளர்ப்பது அதுவரை காட்டப்படாத ஒன்று. பிறகு அவருக்குக் குருதி மூலக்கல மாற்றுச் சிகிச்சை செய்து புதிய நிர்ப்பீடனத்தையே கொடுத்தார்கள். மருக்களும் மறைந்தன, புற்றும் போயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் திரும்பவில்லை.

எட்டு வரிச் செய்திக்கு நாம் போட்ட "இருக்கலாம்" என்ற சொல்லை இப்போது திருத்தி எழுதுவதானால், ஆளுக்கு ஆள் வேறாகத்தான் எழுத வேண்டும். காவல் முற்றாகக் குலைந்தவர்களுக்கு வைரஸே புற்றைச் செய்யும். காவல் தளர்ந்தவர்களுக்கு வெயிலுடன் சேர்ந்து அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். காவல் நன்றாயுள்ள வெள்ளையருக்கு வரும் பெருந்தொகையான செதிற்கலப் புற்றுக்குச் சூரியனே பிரதான காரணம். சந்தேகமற வைரஸால் வரும் தோல் புற்று வேறொன்றும் உண்டு. அது மேர்க்கல் கலப் புற்று. பிட்ஸ்பேர்க்கைச் சேர்ந்த யுவான் சாங், பட்ரிக் மூர் தம்பதியர் 2008 இல் அதன் வைரஸைக் கண்டறிந்தார்கள். பத்துக் கட்டிகளில் எட்டில் அது இருந்தது. அரிய நோய் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

இனி நமது நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எங்கட தோலுக்கு உது வராது" என்று அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். வெயிலால் வருவதைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி. தோலின் கருமை ஓர் இயற்கைக் குடை. ஆனால், நம்மைப் போன்ற தோலில் இந்நோய் வேறு இடங்களைத் தேடுகிறது. ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பு ஆகியவற்றில் செதிற்கலப் புற்று வருவது மருத்துவ நூல்கள் நன்கறிந்த விடயம். போரின் தீக்காயங்களைச் சுமப்போர் பலர் உள்ள வன்னியில் இதை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை உண்டு. வேட்டியையும் சேலையையும் ஒரே இடத்தில் ஆண்டாண்டாக இறுக்கிக் கட்டும் இடுப்புத் தழும்பில் வருவதற்கு வேட்டிப் புற்று, சேலைப் புற்று என்றே இந்திய சத்திரசிகிச்சை நிபுணர்கள் பெயரிட்டிருக்கிறார்கள்.

வைரஸோடு தொடர்புடையது பிலடெல்பியாவிலிருந்து 2016 இல் வந்தது. உறுப்பு மாற்றப்பட்ட, வெள்ளையரல்லாத நோயாளரின் தோலை ஒழுங்காகப் பார்த்த வைத்தியர்கள், கறுப்பினத்தவர்களின் ஆரம்ப நிலைச் செதிற்கலப் புற்றுகள் வெயில் படாத இடங்களில், குறிப்பாக மறைவிடத்தில், இருக்கக் கண்டார்கள். அங்கே சம்பந்தப்படுவது பெரும்பாலும் பாலுறவால் தொற்றும் பப்பிலோமா வகை. ஆசிய வம்சாவளியினருக்கு வந்தவை வெயில் படும் இடங்களில் இருந்தன. முகத்தையும் கையையும் மட்டும் பார்த்து அனுப்பும் பரிசோதனையில் முதல் வகை அகப்படாது. நம்மவர்களின் கூச்சத்தையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். இடுப்புக்குக் கீழே உள்ள தடிப்பை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு வருடம் களிம்பு தடவிக்கொண்டிருந்த ஒருவரை நான் அறிவேன். அவருக்கும் மாற்றுச் சிறுநீரகம்தான். வைத்தியரிடம் போகச் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

மாற்றுறுப்புப் பெற்றோரும், முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றுக்காக நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் எடுப்போரும், ஆண்டுக்கொரு தடவையாவது முழுத் தோலையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆறாத, செதிலாக உரியும், தொட்டால் இரத்தம் கசியும் எந்தப் படையையும் எக்ஸிமா என்று தாமே தீர்மானித்துக்கொள்ளலாகாது. மருந்தையும் சிலருக்கு மாற்றிப் பார்க்க முடியும். சிறுநீரகம் பெற்று ஒருமுறை தோல் புற்றும் கண்டவர்களுக்கு, வழமையான மருந்துக்குப் பதிலாகச் சிரோலிமஸ் கொடுத்தபோது புதிய புற்றுகள் குறைந்ததாக 2012 இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. எனது நண்பருக்கும் பிற்பாடு அவ்வாறு மாற்றினார்கள். மருந்தை மாற்றுவது வைத்தியரின் வேலை. இதை வாசித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைத்துவிடக்கூடாது. சிறுநீரகம் போய்விடும்.

சென்ற மாதம் அயல்வீட்டு அம்மையார் பேத்தியின் பாடசாலைப் படிவத்துடன் வந்தார். இலங்கையில் 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குப் பப்பிலோமா வைரஸ் தடுப்பூசி இரண்டு தடவை ஏற்றப்படுகிறது. "தம்பி, நீர் வைரஸ், தோல் எண்டு ஏதோ எழுதுறீராம். இந்த ஊசி அதுக்குமோ?" என்று கேட்டார். தோலில் குடியிருக்கும் பீட்டா வகைகளுக்கு அது செய்யப்பட்டதன்று. 16, 18 ஆம் இலக்க வைரஸ்களைத் தடுத்து, கருப்பைக் கழுத்துப் புற்று வராமல் காப்பதற்கே செய்யப்பட்டது என்றேன். அப்படியென்றால் போடத் தேவையில்லையோ என்றார். தோலுக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவே போட வேண்டும் என்று சொல்லி, பேனையை எடுத்துக் கொடுத்தேன்.